கல்தூசியும் நுரையீரலும்: கிருஷ்ணகிரி, தருமபுரி தொழிலிடங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மாங்காய்க்கு அடுத்தபடியாகக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குப் பேர் வாங்கித் தந்தது கல். பர்கூர், ஜெகதேவி வட்டாரத்தில் வெட்டியெடுக்கப்பட்டு ‘பாரடைசோ’ என்ற வணிகப் பெயரில் விற்கப்படும் பலவண்ணக் கல்லும், இரு மாவட்டங்களிலும் கிடைக்கும் கறுப்புக் கிரானைட்டும் தரைக்கல்லாகவும் கல்லறைப் பலகையாகவும் கப்பலேறுகின்றன. மற்றப் பாறைகள் கிரஷர்களில் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் மாறி ஓசூர், பெங்களூரு கட்டடங்களுக்குப் போகின்றன. இந்த வேலைகள் அனைத்திலும் எழுவது படிக சிலிக்கா கலந்த நுண்தூசி. அதை நெடுநாள் சுவாசித்தவருக்கு வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. வராமல் தடுக்க மட்டுமே முடியும்.

சிறு பட்டறை முதலாளிகள், மேஸ்திரிகள், சூப்பர்வைசர்கள், தொழிலாளர்கள், அவர்களுடைய குடும்பத்தினர் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. ‘எங்கள் தொழிலில் அவ்வளவு தூசி கிடையாது’ என்று தொழிலை வைத்து முடிவு செய்யும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். எந்தக் கல்லின்மேல் எந்தக் கருவியை, ஈரத்தோடா உலர்வாகவா வைக்கிறோம் என்பதே ஆபத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. ஒரே கூரையின் கீழ் பத்தடி இடைவெளியில் நிற்கும் இருவருக்கு நேரும் ஆபத்து பல மடங்கு வேறுபடலாம்.

கண்ணுக்குத் தெரியாத தூசி என்ன செய்கிறது

கல் உடைபடும்போது நம் கண்ணை உறுத்தும் புழுதியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். கெடுதல் செய்வது பத்து மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான, பெரும்பாலும் நான்கு மைக்ரானுக்கும் உட்பட்ட துகள். கல்லில் உள்ள படிக சிலிக்காவின் பொதுவான வடிவம் குவார்ட்ஸ். இரண்டு மைக்ரான் அளவுள்ள குவார்ட்ஸ் துகள் ஒன்று அசைவற்ற காற்றில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் மட்டுமே இறங்கும். ஆகவே மூச்சுவிடும் உயரத்திலிருந்து தரையைத் தொட அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காற்றோட்டமும் இயந்திர அதிர்வும் உள்ள கொட்டகையில் அது தரைக்கு வருவதே அரிது. கருவியை நிறுத்தி, புழுதி அடங்கிவிட்டது என்று முகத்துண்டை அவிழ்த்துவிட்டு டீ குடிக்கும் நேரத்தில்தான் நுண்தூசி தடையின்றி உள்ளே போகிறது.

நுரையீரலின் கடைக்கோடிக் காற்றறைகளை அடைந்த துகளை அங்குள்ள காவல் உயிரணுக்கள் விழுங்குகின்றன. சிலிக்காவைச் செரிக்க முடியாமல் அவை மடிய, வெளிவரும் துகளை அடுத்த உயிரணு விழுங்குகிறது. இந்தச் சுழற்சி அழற்சியை உண்டாக்கி, மென்மையான நுரையீரல் திசுவில் தழும்பு முடிச்சுகளை வளர்க்கிறது. வேலையை விட்டபின்னும் துகள் உள்ளேயே இருப்பதால் முடிச்சுகள் தொடர்ந்து பெருகலாம். அப்போதுதான் உடைந்த கல்லின் தூசி, பழைய தூசியைவிடக் கடுமையானது என்பதும் அறியப்பட்ட செய்தி. புதிதாக உடைந்த பரப்பு வேதியியல் முறையில் அதிகம் வினைபுரிவதே அதற்குக் காரணம்.

நாட்பட்ட சிலிக்கோசிஸ் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட வேலைக்குப் பின் தெரியவருகிறது. தூசி மிகுந்தால் ஐந்து முதல் பத்தாண்டுக்குள் வரும். அளவுகடந்த தூசியில் சில மாதங்களிலேயே உயிரைப் பறிக்கும் தீவிர வகையும் உண்டு. இதனோடு காசநோய், நாள்பட்ட மூச்சடைப்பு, சிறுநீரகக் கோளாறு, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் ஆகியவற்றின் அபாயமும் கூடுகிறது. தொழிலிடத்தில் சுவாசிக்கப்படும் படிக சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் சேர்த்தது.

இந்த நோய் நம் பக்கத்துக்குப் புதியதும் அல்ல. நம் எல்லைக்கு வடக்கே, 2001இல் மூடப்பட்ட கோலார் தங்க வயலில் தங்கம் குவார்ட்ஸ் படிவத்துக்குள் கிடந்தது. அதைத் துளையிட்டவர்களில் தமிழர் மிகப்பலர். இந்தியாவில் சிலிக்கோசிஸ் பற்றிய தொடக்ககால மருத்துவ ஆய்வுகள் அந்தச் சுரங்கத் தொழிலாளரிடமே நடந்தன.

முதல் படி: கையில் இருக்கும் கல் எது என்று அறிதல்

கிரானைட்டில் குவார்ட்ஸ் பொதுவாக நூற்றுக்கு இருபது முதல் நாற்பது பங்கு வரை இருக்கும். பலவண்ணக் கல், சிவப்புக் கல், வெள்ளைச் சாயலுள்ள கல் எல்லாம் இந்த வகையில் வருபவை. கறுப்புக் கிரானைட் என்று வணிகத்தில் சொல்லப்படுவது புவியியலாளர் பார்வையில் கிரானைட்டே அல்ல. அது டோலரைட் போன்ற எரிமலைக் குழம்புப் பாறை, அதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. இதைக் கேட்டுக் கறுப்புக் கல் பட்டறைக்காரர் நிம்மதி அடைய வேண்டியதில்லை, ஏனெனில் ஆர்டர் மாறும்போது அதே கொட்டகையில் அதே ஆள் வேறு கல்லை அறுக்கிறார். மணற்கல்லிலும் ஆற்று மணலிலும் குவார்ட்ஸ் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாம். கான்கிரீட்டிலும் செங்கல்லிலும் மணலும் களிமண்ணும் கொண்டுவந்து சேர்த்த சிலிக்கா உண்டு. மார்பிளில் மிகக் குறைவு.

சமையல் மேடைக்கு இப்போது அதிகம் விற்கும் ‘குவார்ட்ஸ் ஸ்லாப்’ எனும் செயற்கைக் கல்லைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். குவார்ட்ஸ் பொடியைப் பிசினில் குழைத்து அழுத்திச் செய்யும் இதில் சிலிக்கா தொண்ணூறு விழுக்காட்டையும் தாண்டக்கூடும். இதை உலர்வாக அறுத்த இளம் தொழிலாளர்கள் பல நாடுகளில் சில ஆண்டுகளிலேயே நோயுற்றதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதன் உற்பத்தியையும் பயன்பாட்டையும் தடை செய்தது. ஓசூரில் மாடுலர் கிச்சன் பொருத்தும் வேலைக்குப் போகும் பையன்கள் இதைக் கிரானைட்டைப் போலவே எண்ணி வீட்டுக்குள்ளேயே அறுக்கிறார்கள். இந்த ஒரு பொருளை மட்டுமாவது உலர்வாகத் தொடக்கூடாது என்று முதலாளிகள் உறுதியாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: வேலையை வேலையாகப் பிரித்துப் பார்த்தல்

ஒரு தாளை எடுத்து, தொழிலிடத்தில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும், அதைச் செய்பவரையும், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் என்பதையும், ஈரமா உலர்வா என்பதையும் எழுதினாலே பாதிப் படம் தெளிவாகிவிடும்.

குவாரியில் அதிகத் தூசிக்கு ஆளாகிறவர் துளை போடுபவர். கல்லைப் பிளப்பதற்காக ஜாக்ஹாமரை வைத்து வரிசையாகத் துளையிடும்போது, கம்ப்ரசர் காற்று துளைக்குள் இருக்கும் மாவை மேலே ஊதித் தள்ளுகிறது. கருவியின்மேல் குனிந்து நிற்கும் தொழிலாளியின் முகம் அந்தத் துளைக்கு நேர்மேலே இருக்கிறது. அதே குவாரியில் டைமண்ட் ஒயர் சா கொண்டு அறுக்கும் இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் தூசி மிகக் குறைவு.

கிரஷரில் கல்லை ஹாப்பர் எனும் தொட்டியில் கொட்டும் இடம், கல்லை நசுக்கும் ஜா, கோன், சலிக்கும் ஸ்கிரீன், ஒரு கன்வேயரிலிருந்து இன்னொன்றில் கல் விழும் இடம் ஆகியவை தூசி பிறக்கும் இடங்கள். ஆனால் அதிகம் சுவாசிப்பவர் மோட்டாரை இயக்குபவர் என்று சொல்ல முடியாது. அடைப்பு எடுக்க உள்ளே இறங்குபவரும், கன்வேயருக்கு அடியில் சிந்திய மாவைக் கூட்டி அள்ளுபவருமே அவரைவிட அதிகம் சுவாசிக்கிறார்கள். இந்த வேலை பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளருக்கோ பெண்களுக்கோ ஒதுக்கப்படுகிறது. பதிவேட்டில் ‘ஹெல்பர்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுவதால், யாருக்கு எவ்வளவு தூசி என்ற கணக்கே காணாமல் போகிறது. எம்-சாண்ட் யூனிட்டில் கழுவும் முறைக்கும் காற்றால் பிரிக்கும் உலர்முறைக்கும் உள்ள வேறுபாடும் பெரியது. உலர்முறையில் பிரித்தெடுக்கப்படும் கல்மாவில் நாம் அஞ்ச வேண்டிய நுண்துகள் நிறையக் கலந்திருக்கும்.

கிரானைட் பட்டறைக்கு வருவோம். பெரிய பிளாக்கை அறுக்கும் கட்டரும், வரிசையாகத் தலைகள் சுழலும் பாலிஷ் இயந்திரமும் தண்ணீரில் ஓடுபவை. அவற்றைப் பார்த்துவிட்டு ‘எங்கள் பட்டறையில் எல்லாம் ஈரம்தான்’ என்று முதலாளி சொல்லும்போது, கொட்டகையின் ஓரத்தில் குந்தியிருக்கும் ஓர் ஆளை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சமையல் மேடைப் பலகையின் விளிம்பை உருட்டித் தேய்ப்பது அவர் வேலை. நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரைக் கையில் பிடித்து, முகத்துக்கும் கல்லுக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லாமல் உலர்வாகத் தேய்க்கிறார். வட்டு சுழலும் திசையில் தூசி ஒரு விசிறி போல விரிந்து அவருடைய முழங்கால்மேல் மோதி, மேலெழும்பி, கட்டியிருக்கும் துண்டின்மேல் படிகிறது. புழுக்கத்துக்காகப் பின்னால் வைத்த பெடஸ்டல் ஃபேன் அதை அடுத்து உட்கார்ந்திருப்பவர் பக்கம் தள்ளுகிறது. விளிம்பு வழவழப்பாகிவிட்டதா என்று பார்க்க வாயாலோ ஏர் கன்னாலோ ஊதுகிறார். பட்டறை முழுவதிலும் முதலில் சரிசெய்ய வேண்டிய இடம் அதுவே.

கல்லறைப் பலகையில் எழுத்துப் பொறிக்கும் சாண்ட் பிளாஸ்டிங் வேலையில் மணலுக்குப் பதில் கார்னெட்டோ அலுமினியம் ஆக்சைடோ பயன்படுத்துவது நல்லது. ஆயினும் அடிபடுவது சிலிக்கா உள்ள கல் என்பதால் தூசி அதிலிருந்தும் வரும், எனவே மூடிய பெட்டிக்குள்ளேயே அதைச் செய்ய வேண்டும். சிற்ப வேலையிலும் அம்மி, ஆட்டுக்கல் கொத்தும் வேலையிலும் உளி மட்டும் இருந்த காலத்தைவிட, கையடக்க கட்டர் வந்தபின் தூசி பன்மடங்காகிவிட்டது.

ஓசூர்ப் பக்கத்து ஃபவுண்டரிகளில், அதாவது உலோக வார்ப்புப் பட்டறைகளில், மணல் அச்சை உடைத்து வார்ப்பை வெளியே எடுக்கும் ஷேக்-அவுட், ஒட்டிய மணலை நீக்கும் ஃபெட்லிங், பழைய மணலைச் சலித்துத் திரும்பப் பயன்படுத்துதல் ஆகிய மூன்றும் கவனிக்க வேண்டியவை. உருகிய உலோகத்தின் கடும் சூட்டில் குவார்ட்ஸின் ஒரு பகுதி கிறிஸ்டோபலைட் என்ற இன்னொரு படிக வடிவமாக மாறக்கூடும். அதுவும் நுரையீரலுக்குக் கேடு செய்வதே. ஆலிவின், குரோமைட் மணல்களும், பிளாஸ்டிங்குக்கு இரும்பு ஷாட்டும் மாற்றாகக் கிடைக்கின்றன.

கட்டட வேலையில் டைல் அறுப்பது, வயர் குழாய்க்காகச் சுவரில் காடி வெட்டுவது, கான்கிரீட்டைக் கொத்துவது, வேலை முடிந்தபின் உலர்வாகக் கூட்டுவது ஆகியவை அடங்கும். பெங்களூருக்கு வாரக்கணக்கில் போய்வரும் தருமபுரித் தொழிலாளர்களில் பலர் இதைத் தூசி வேலையாகவே கருதுவதில்லை. செங்கல் சூளையில் வெந்த கல்லை அடுக்கி ஏற்றுவதும் சாம்பலைக் கூட்டுவதும் இந்தப் பட்டியலில் வரும்.

போர்வெல் ரிக்கைப் பொதுவாக யாரும் இந்தப் பேச்சில் சேர்ப்பதில்லை, நான் சேர்க்கிறேன். வறண்ட தருமபுரியில் நீர் கிடைக்கும்வரை பல நூறு அடி உலர்ந்த பாறையைத் துளைக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு நேரமும் கம்ப்ரசர் காற்று வெள்ளை மாவை வாய்க்காலாகக் கக்குகிறது, ராடு மாற்றும் ஆட்கள் அதன் நடுவே நிற்கிறார்கள், வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் சுற்றி நிற்கிறார்கள். காற்றோடு சிறிது நீரைச் செலுத்துவதும், தூசி தம்மேல் வராதபடி காற்று வரும் பக்கத்தில் ஆட்கள் நிற்பதும் செலவில்லாத தொடக்கம்.

வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸை அரைத்து மாவாக்கும் மில்கள் எல்லாவற்றிலும் கொடியவை. குஜராத்தில் அத்தகைய மில்களில் வேலை செய்து இறந்த மத்தியப் பிரதேசப் பழங்குடித் தொழிலாளர்கள் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா மூன்று இலட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது.

மூன்றாம் படி: அளத்தல்

மாலையில் கொட்டகை விளக்குகளை அணைத்துவிட்டு, பலமான டார்ச் ஒன்றை வேலை நடக்கும் இடத்துக்கு அப்பால் நம்மை நோக்கி வைத்து, விளக்கு கண்ணில் நேரே படாதபடி ஒரு மறைப்புக்குப் பின்னின்று பார்த்தால், பகலில் தெரியாத தூசி மேகம் ஒளிக்கற்றையில் துலங்கும். எந்தப் பக்கம் நகர்கிறது, யார் முகத்தைத் தொடுகிறது என்பதும் தெரியும். இது அளவைச் சொல்லாது, திசையைச் சொல்லும். தொழிலாளரைக் கூட்டிவைத்து இதை ஒருமுறை காட்டுவது பத்து எச்சரிக்கைப் பலகைகளைவிட மேல்.

சரியான அளவீட்டுக்குத் தொழிலாளியின் இடுப்பில் சிறு பம்பையும், சட்டைக் காலரில் பெரிய துகளைப் பிரித்து ஒதுக்கும் சைக்ளோன் பொருத்திய வடிதாளையும் மாட்டி, முழு ஷிப்டும் காற்றை உறிஞ்சச் செய்து, ஆய்வகத்தில் எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவு முறையிலோ அகச்சிவப்பு முறையிலோ குவார்ட்ஸைக் கணக்கிட வேண்டும். சென்னையில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் தொழிலிடச் சுகாதார அளவீடுகளைச் செய்கிறது. அளவீட்டைத் தண்ணீர் தெளித்துக் கூட்டிப் பெருக்கிய நாளில் வைக்காமல், வழக்கமான வேலை நாளில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா.

வரம்பைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவாசிக்கத்தக்க தூசியின் வரம்பாக, பத்தைக் குவார்ட்ஸ் விழுக்காட்டோடு இரண்டு கூட்டிய எண்ணால் வகுத்து வரும் மில்லிகிராமை ஒரு கனமீட்டருக்கு வைத்தது. தூசியில் 30 விழுக்காடு குவார்ட்ஸ் இருந்தால் பத்தை 32ஆல் வகுக்க ஏறத்தாழ 0.31 மில்லிகிராம் வருகிறது. அதில் குவார்ட்ஸ் மட்டும் 0.09 மில்லிகிராம். அமெரிக்கா 2016இல் வகுத்த வரம்பு 0.05 மில்லிகிராம், நடவடிக்கை தொடங்க வேண்டிய அளவு அதிலும் பாதி. நம் சூத்திரத்தில் தேறிய பட்டறை அங்கே தேறாமல் போகலாம், எனவே 0.05ஐயே குறியாகக் கொள்வது அறிவுடைமை. ஒரு ஷிப்டில் ஏறத்தாழ பத்துக் கனமீட்டர் காற்றைச் சுவாசிப்பவருக்கு அந்த வரம்பு என்பது நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் குவார்ட்ஸ். ஒரு சிட்டிகை உப்பில் பல நூறில் ஒரு பங்கு.

கிரஷர் உரிமையாளர்கள் பலர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீட்டுச் சான்றைக் காட்டி எல்லாம் சரி என்பார்கள். அந்த விதி 40 மீட்டர் தொலைவில் காற்றில் மிதக்கும் மொத்தத் தூசி கனமீட்டருக்கு 600 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது. அது ஊருக்கும் பயிருக்கும் உரிய வரம்பு. ஸ்கிரீனுக்கு அடியில் நிற்பவரின் மூக்கருகே எவ்வளவு என்று அந்தச் சான்று எதுவும் சொல்வதில்லை.

நான்காம் படி: தண்ணீர்

காற்றில் ஏறிய தூசியைத் தண்ணீரால் பிடிப்பது கடினம். பிறக்கும் இடத்திலேயே நனைத்து ஏறாமல் செய்வது எளிது. கொட்டகை வாசலில் ஸ்பிரிங்ளர் வைத்துவிட்டு ஜாவின் வாயை உலர விடுவது கண்துடைப்பு. ஹாப்பரில் கொட்டுமுன் கல்லை நனைத்து, ஜாவின் நுழைவாயிலிலும் ஒவ்வொரு கன்வேயர் விழுமிடத்திலும் நாசில் வைக்க வேண்டும். நம் போர் தண்ணீரின் உப்பு நாசில் துளையை அடைத்துவிடும் என்பதால், குழாயில் வடிகட்டி பொருத்தி, வாரம் ஒருமுறை நாசில்களைக் கழற்றிச் சுத்தம் செய்வதை ஓர் ஆளின் பொறுப்பாக எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதிவைக்காத இடங்களில் நாசில் அடைத்துக்கொள்ள, தெளிப்பு சத்தமில்லாமல் நின்றுபோகிறது.

‘குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் கல்லுக்கு எங்கே போவது’ என்பது நியாயமான கேள்வி போலத் தோன்றும். கான்கிரீட் உடைக்கும் ஜாக்ஹாமரில் நிமிடத்துக்கு 350 மில்லிலிட்டர் நீர் தெளித்தபோது நுண்தூசி 72 முதல் 90 விழுக்காடு வரை குறைந்ததாக அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனத்தின் சோதனைகள் காட்டின. அந்தக் கணக்கில் மணிக்கு 21 லிட்டர், ஐந்து மணி நேரத் துளையிடலுக்கு 105 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் டிரம் போதும். அதிலிருந்து ஒரு சிறு குழாயை இழுத்துக் கருவியின் நுனியருகே கட்டிவிடுவதற்கு ஆகும் செலவு, ஒரு டிரில் பிட்டின் விலையோடு ஒப்பிடத் தகுதியற்றது.

விளிம்பு தேய்க்கும் வேலைக்குத் தண்ணீர் வசதியுள்ள, காற்றில் இயங்கும் கிரைண்டர்கள் கிடைக்கின்றன. ஏற்கெனவே கம்ப்ரசர் உள்ள பட்டறைக்கு இதுவே ஏற்றது. மின்சார கிரைண்டரில் தண்ணீர் ஊற்றுவது உயிராபத்து என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: நீர்ப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்ட கருவியாகவும், 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பான் பொருத்திய இணைப்பாகவும் இல்லாவிட்டால் அதைத் தொடக்கூடாது. நுரையீரலைக் காக்கப் போய் மின்சாரத்துக்குப் பலி கொடுக்கக் கூடாது.

ஈரச் சேறு காய்ந்தால் மீண்டும் தூசிதான். தரையில் ஓடும் கல்சேற்றை அன்றன்றே வாய்க்கால் வழியாகத் தொட்டிக்குத் தள்ள வேண்டும். லாரியில் ஏற்றி ஏரிக்கரையிலோ சாலையோரத்திலோ கொட்டும் பழக்கம், வெயிலில் காய்ந்த மாவைக் காற்றின் கையில் கொடுப்பதாகும்.

ஐந்தாம் படி: உறிஞ்சுதல், மூடுதல், கூட்டுதல்

தண்ணீர் பயன்படாத இடத்தில் தூசியைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய் வேண்டும். ஷேக்-அவுட், மணல் சலிப்பு, உலர் எம்-சாண்ட், சுவரில் காடி வெட்டுதல் ஆகியவை இவ்வகை. உறிஞ்சும் வாய் தூசி மூலத்துக்கு நெருங்கி இருக்க வேண்டும், ஏனெனில் ஓர் அடி தள்ளிப்போனாலே அதன் இழுவிசை பெரும்பாலும் இல்லாமல் போகிறது. சுவர் எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்கு ஈடாகாது. அது தூசியைத் தொழிலாளியின் முகத்தைக் கடந்து இழுத்துச் செல்கிறது. கிரஷர் இயக்குபவருக்கு வடிகட்டிய காற்று உள்ள மூடிய அறை தந்தால் அவரளவில் பெரும்பாலான சிக்கல் தீர்ந்துவிடும், கதவைத் திறந்து வைக்காதிருந்தால்.

கம்ப்ரசர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்வதை முற்றிலும் தடை செய்ய வேண்டும். வேலை முடியும் நேரத்தில் ஒருவரையொருவர் ஊதிவிட்டுச் சிரித்துக்கொள்ளும் அந்த இரண்டு நிமிடத்தில் ஏறும் தூசி அன்றைய ஷிப்டின் உச்சமாக இருக்கலாம். தரையை நனைத்துக் கூட்ட வேண்டும், அல்லது மிக நுண்ணிய வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரால் எடுக்க வேண்டும். வேலை உடையை அங்கேயே மாற்றிவிட்டுக் குளித்துப் போக வசதி தர வேண்டும். வீட்டில் அந்தத் துணியை உதறித் துவைக்கும் பெண்களும் அதே தூசியைச் சுவாசிக்கிறார்கள்.

ஆறாம் படி: முகக்கவசம்

இதை ஆறாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீரும் உறிஞ்சுதலும் செய்த பிறகு மிஞ்சும் தூசிக்கே முகக்கவசம். துண்டும், துணி மாஸ்க்கும், மூன்றடுக்கு மருத்துவ மாஸ்க்கும் நுண்தூசியைத் தடுக்காது. ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி-2, அல்லது என்-95 வகை, காதில் மாட்டுவதாக இல்லாமல் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டைகள் கொண்டதாக இருக்க வேண்டும். துளையிடுதல், விளிம்பு தேய்த்தல் போன்ற வேலைகளுக்கு மாற்றத்தக்க வடிகட்டி பொருத்திய ரப்பர் அரைமுகக் கவசம் மேல். தாடி உள்ள முகத்தில் விளிம்பு ஒட்டாது. மீசை கவசத்துக்குள் அடங்கினால் தவறில்லை. அணிந்ததும் இரு கைகளாலும் மூடி மூச்சை விட்டுப் பார்த்து, ஓரத்தில் காற்று கசிந்தால் சரிசெய்ய வேண்டும். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் இதை எவராலும் கழற்றாமல் அணிய முடியாது என்பதையும் ஒப்புக்கொண்டு, தூசி இல்லாத, நிழலுள்ள இடத்தில் இடைவேளை தர வேண்டும்.

ஏழாம் படி: மருத்துவப் பரிசோதனை

வேலையில் சேரும்போதே மார்பு எக்ஸ்-ரேயும் ஸ்பைரோமெட்ரி எனும் மூச்சுத்திறன் சோதனையும் செய்து அதை அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். தொடக்க நிலையில் நோயாளிக்கு எந்தத் தொல்லையும் தெரியாது. மேடேறும்போது மூச்சு வாங்குவதும் வறட்டு இருமலும் வரும்போது நோய் முற்றத் தொடங்கியிருக்கும்.

எக்ஸ்-ரேயில் நுரையீரலின் மேற்பகுதியில் தெரியும் சிறு முடிச்சுகள் காசநோயைப் போலவே தோற்றமளிப்பதால், சளியில் கிருமி இல்லாதபோதும் காசநோய் மருந்து கொடுத்து, குணமாகவில்லை என்று மீண்டும் கொடுத்து ஆண்டுகள் கழிவது நாடெங்கும் நடக்கும் கதை. மறுபக்கம், சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். எனவே சளியை மரபணுச் சோதனைக்கு அனுப்புவதும், தொழில் வரலாற்றைக் கேட்பதும் இரண்டும் வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டால் நோயாளியே சொல்ல வேண்டும்: ‘ஐயா, பன்னிரண்டு வருஷமா கிரஷர்ல வேலை, அதுக்கு முன்னால ஜாக்ஹாமர் ஓட்டினேன்’ என்ற ஒரு வாக்கியம் நோயறிதலையே மாற்றக்கூடியது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வரும் அந்த ஊழியரிடமும் இதைச் சொல்லலாம். பெரிய பரிசோதனைகளுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன.

நோய் உறுதியானவரைத் தூசி வேலையிலிருந்து உடனே மாற்ற வேண்டும். புகைப்பழக்கத்தை நிறுத்துவது நுரையீரலின் மிச்ச ஆற்றலைக் காக்கும்.

எட்டாம் படி: சட்டமும் ஆவணமும்

எந்த அலுவலகத்தை நாடுவது என்பது இடத்தைப் பொறுத்தது. குவாரி சட்டப்படி சுரங்கம் என்பதால் அது சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. பாலிஷ் பட்டறை, ஃபவுண்டரி போன்ற தொழிற்சாலைகள் மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் கீழ் வருகின்றன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலும், அதன் இடத்துக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. நோயைக் கண்ட மருத்துவரும் நிறுவனமும் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் அதன் வழியாகவும், மற்றவர் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் வழியாகவும் உரிமை கோரலாம், ஏனெனில் இரண்டிலும் இது தொழில்வழி நோய். கோருவதற்குக் காலவரம்பு உண்டு என்பதால் சான்று கிடைத்தவுடன் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுக வேண்டும். ராஜஸ்தான் 2019இல் தனிக் கொள்கையே வகுத்து, சான்று பெற்ற நோயாளிக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் அரசுப் பணத்திலிருந்து உதவி தருகிறது. இத்தனை குவாரிகள் உள்ள தமிழ்நாட்டுக்கும் அப்படியொன்று தேவை. அமைப்புசாராக் கல்லுடைப்போர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நடைமுறையில் கோரிக்கைகள் தோற்பது பெரும்பாலும் மருத்துவத்தால் அல்ல, வேலை செய்ததற்குச் சான்று இல்லாததால். வாரக்கூலி ரொக்கமாகக் கை மாறும் இடத்தில் நோய் பதினைந்து ஆண்டு கழித்துத் தலைகாட்டும்போது, அந்தக் கிரஷர் பெயர் மாறியிருக்கும், மேஸ்திரி ஊர் மாறியிருப்பார். ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே ஒரு நோட்டில் இடம், உரிமையாளர் பெயர், செய்த வேலை, சேர்ந்த நாள், விட்ட நாள் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். கூலிச் சீட்டு, கேட் பாஸ், வங்கிக் கணக்கில் வந்த தொகை, வேலையிடத்தில் எடுத்த போட்டோ, உடன் வேலை செய்தவர்களின் பெயர், எக்ஸ்-ரே படமும் அதன் அறிக்கையும் எல்லாம் அதோடு சேர வேண்டும். எக்ஸ்-ரே படத்தை மருத்துவமனையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒடிசாவுக்கோ பீகாருக்கோ திரும்பும் தொழிலாளிக்கு இந்த ஆவணங்களின் நகலைக் கையில் கொடுத்தனுப்புவது நிறுவனத்தின் கடமை. பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்தவர் யாரிடம் கேட்பது என்று திகைக்க வேண்டியதில்லை. சிலிக்கோசிஸ் இடம்பெற்ற பிரிவில், பல நிறுவனங்களில் வேலை செய்தவருக்கான இழப்பீட்டை அந்த முதலாளிகளிடையே நியாயமான விகிதத்தில் பகிர்ந்து விதிக்க, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் ஆணையருக்கு அதிகாரம் தரும் விதி 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலேயே வகுக்கப்பட்டது.